அழாத பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?

உவர்மலை_வாசி | சனி, இரவு 10.40

நாலு வருடமாக ஒரு வேலை என் பட்டியலில் கிடந்தது. பட்டியல் என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை, கந்தோர் (அலுவலக) டயரியின் கடைசிப் பக்கம். வருடம் மாறும்போது பழைய டயரியில் செய்யாமல் விட்டதைப் புது டயரியில் எழுதிக்கொள்வேன். "அப்பாவோடு வயலுக்குப் போய் எல்லை பார்த்து எழுதவேண்டும்" என்ற வரியை நாலு டயரியில் எழுதியிருக்கிறேன்.

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல். அப்பப்பா காலத்து உறுதி, காணிப் பத்திரம். பழைய உறுதி பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் எல்லை எப்படி எழுதியிருக்கும் என்று. வடக்கே வாய்க்கால், மேற்கே இன்னாரின் காணி, தெற்கே பெரிய வரம்பு, கிழக்கே மருதமரம். அந்த மருதமரம் 1964 டிசம்பர் சூறாவளியில் விழுந்துவிட்டது. அது நின்ற இடம் அப்பாவுக்குத் தெரியும். அப்போது அவருக்கு 17 வயது. விழுந்த மரத்தைத் தறித்து மாட்டுவண்டியில் ஏற்றியதே அவரும் பக்கத்து வயல்காரரும்தான். அந்த இரண்டு பேரும் இருக்கும்வரை எல்லைக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பக்கத்து வயல்காரர் காலமாகிவிட்டார். மகன் வெளிநாட்டில், வயல் குத்தகையில். இப்போது அந்த மகன் காணியை விற்கப்போகிறார் என்று ஒரு கதை.

ஜனவரியில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை, கால் இழுத்துவிட்டது. பொல்லோடு கொஞ்சம் நடப்பார். நாங்கள் சொல்வது அவருக்கு விளங்குகிறது. ஆனால் பேச்சு இல்லை.

நேற்று அந்த நாலு டயரியையும் எடுத்துப் பிரட்டிப் பார்த்தேன். நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன் என்று தெரியவேண்டுமே. "தகவல் இன்று பி.ப. 3.00க்கு முன்." "மிக அவசரம், திருத்தி அனுப்பவும்." "சேர் கேட்டார், உடனே." பக்கம் பக்கமாக இதுதான். எல்லாம் நேரத்துக்குச் செய்திருக்கிறேன், ஒன்றையும் தவறவிடவில்லை. அதில் ஒன்றுகூட என்ன தகவல் என்று இப்போது ஞாபகமில்லை.

அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள். அழாத பிள்ளைக்கு நீங்கள் எப்படிக் கொடுக்கிறீர்கள்? உண்மையாகவே கேட்கிறேன்.

கந்தோர்_கிளி | சனி, இரவு 11.05

அண்ணை, நானும் உங்கள் இனம்தான். ஊர் சொல்லவில்லை, கந்தோரும் சொல்லவில்லை, வயிற்றுப்பாடு.

எங்கள் இடத்தில் முன்பு அவசரமான கோவைக்கு, அதாவது ஃபைலுக்கு, ஒரு சிவப்புத் துண்டு குத்துவார்கள். நான் சேர்ந்த காலத்தில் ஒரு மேசையில் ஒன்றோ இரண்டோ இருக்கும். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் கோவை முதலில் போகவேண்டும் என்று குத்தத் தொடங்கினார்கள். இப்போது சிவப்பு இல்லாத கோவையைக் கண்டால்தான் நாங்கள் நின்று பார்க்கிறோம், இது என்ன விசேஷம் என்று. அதன்பிறகு வட்ஸ்அப் குறூப் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்கு ஒரு எக்செல் வரும், "காலை கூட்டத்துக்கு" என்று. போன மாதம் அனுப்பிய அதே தகவல், நிரலின் தலைப்பு மட்டும் வேறு.

ஒரு வருடமாக நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். யார் "உடனே" என்றாலும், "சரி சேர், இதை வைத்து எத்தனை மணிக்கு வேலை செய்யப்போகிறீர்கள்?" என்று பணிவாகக் கேட்பேன். பாதிப் பேர் யோசித்துவிட்டு "நாளைக்குத் தந்தாலும் பரவாயில்லை" என்கிறார்கள். அவசரம் அவர்களுடையதுகூட இல்லை. மேலே இருந்து ஒருவர் இறக்கிவிட்டதை இவர் என் தலையில் இறக்குகிறார், அவ்வளவுதான்.

வெற்றிப்_படிகள் | ஞாயிறு, காலை 5.02

வணக்கம் நண்பர்களே. இதற்கு உலகம் முழுவதும் பயன்படுத்தும் தீர்வு இருக்கிறது. ஒரு தாளில் நாலு பெட்டி கீறுங்கள். முக்கியமும் அவசரமும், முக்கியம் ஆனால் அவசரமில்லை, அவசரம் ஆனால் முக்கியமில்லை, இரண்டும் இல்லை. உங்கள் வேலைகளை அதில் பிரித்துப் போடுங்கள். இது அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் கண்டுபிடித்த முறை. அதோடு காலை 4 மணிக்கு எழும்பினால் ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் இலாபம்!

திருக்கடலூர்_போட் | ஞாயிறு, காலை 9.30

4 மணிக்கு எழும்புவதா? தம்பி, அந்த நேரம் நாங்கள் கடலில் நிற்கிறோம். இரண்டு மணித்தியால இலாபத்தை யாரிடம் வாங்குவது என்று சொன்னால் நல்லது.

பாலையூற்று_ரீச்சர் | ஞாயிறு, காலை 10.15

நாலு பெட்டியைப் பற்றி ஒரு திருத்தம். ஐசனோவர் பெட்டி எதுவும் கீறவில்லை. 1954 ஓகஸ்டில் இலினோய் மாநிலத்து எவன்ஸ்டனில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் கூட்டத்தில் பேசும்போது, தனக்கு இரண்டு வகைப் பிரச்சினைகள் இருப்பதாகச் சொன்னார். அவசரமானவை முக்கியமில்லாதவை, முக்கியமானவை ஒருபோதும் அவசரமாக இருப்பதில்லை என்று. அதையும் தன்னுடையது என்று சொல்லவில்லை, ஒரு பழைய கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் சொன்னார். பெட்டிகள் பிறகு வந்தவர்கள் கீறியவை. அவர் பெயரை மேலே ஒட்டிக்கொண்டார்கள்.

பெட்டியில் எனக்குள்ள குறை வேறு. உவர்மலைத் தம்பிக்கு எது முக்கியம் என்று தெரியாமல் இருந்ததா? நாலு வருடம் தன் கையால் எழுதியிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் விட்டார். பெட்டிக்குள் போட்டிருந்தாலும் அது பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

2018இல் வெளிவந்த ஓர் ஆய்வை ஒரு பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொன்னார்கள். இரண்டு வேலையில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்கிறார்கள். ஒன்றுக்குக் கெடு கிட்ட, பலன் குறைவு. மற்றதற்குக் கெடு தூர, பலன் கூட. செய்து முடிக்க இரண்டுக்கும் நேரம் போதும். அப்படியிருந்தும் பலர் கெடு கிட்ட உள்ளதையே எடுத்தார்கள். தாங்கள் எப்போதும் பிஸி என்று நினைப்பவர்களிடம் இது இன்னும் கூடுதலாம். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. தெரிவுசெய்யும் அந்த நேரத்தில் பலனைக் கண்முன்னால் காட்டினால் ஆட்கள் மாறினார்கள். அப்படியென்றால் மூளை மக்கு இல்லை. கெடு கத்துகிறது, பலன் பேசாமல் இருக்கிறது.

புலமைப்பரிசில் வகுப்பு எடுக்கும் எனக்கு இது தினமும் தெரியும். பரீட்சைக்குக் கெடு இருக்கிறது. பிள்ளை கதைப் புத்தகம் வாசிப்பதற்குக் கெடு இல்லை. எந்தத் தாயும் என்னிடம் வந்து "ரீச்சர், பிள்ளை இந்த மாதம் ஒரு கதையும் வாசிக்கவில்லை" என்று அழுதது கிடையாது.

கிண்ணியா_ஓட்டோ | ஞாயிறு, பின்னேரம் 3.20

எல்லாருக்கும் ஸலாம். கோபிக்க வேண்டாம், நான் ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கதை மாதச் சம்பளக்காரர் கதை. எனக்கு ஹயர் வந்தால் அதுதான் அவசரம், அதுதான் முக்கியம். ஹயரை விட்டால் வீட்டில் அரிசி இல்லை. இரண்டும் ஒரே பெட்டிதான். மற்றப் பெட்டிகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று யோசித்தேன், அதையும் சொல்கிறேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கமுன் நாங்கள் திருகோணமலைக்கு வருவது பாதையில். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விளங்காது, பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை விடும் மிதவை. பாதை மற்றக் கரையில் நின்றால் உங்களுக்கு எப்பேர்ப்பட்ட அவசரம் என்றாலும் நிற்கத்தான் வேண்டும். வாப்பாவோடு நான் கதைத்ததெல்லாம் அங்கேதான். பாதைக்கு நிற்கும் நேரம் பிளேன்ரீ குடித்துக்கொண்டு அவர் பழைய கதை சொல்வார். வேறு வேலை செய்ய வழியில்லை, போனும் இல்லை.

பாலம் வந்தது, நல்லது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எத்தனை நோயாளியை இரவில் கொண்டுபோயிருக்கிறேன். ஆனால் மிஞ்சிய அந்த நேரம் எங்கே போனது? இன்னும் இரண்டு ஹயருக்குப் போனது. வாப்பாவுக்குப் போகவில்லை.

திருக்கடலூர்_போட் | ஞாயிறு, இரவு 8.45

கிண்ணியா நானா சொன்னது சரி. நாங்களும் நாளாந்த உழைப்புத்தான், அதற்காக எல்லாம் ஒரே பெட்டி என்று நான் சொல்ல மாட்டேன். மெசின் கதை ஒன்று சொல்கிறேன்.

போட் கரைக்கு வந்ததும் என்ன அவசரம்? மீன். வெயில் ஏறமுன் ஏற்றவேண்டும், வியாபாரி நிற்கிறான், ஐஸ் கரைகிறது. மெசினுக்கு ஒரு அவசரமும் இல்லை, அது போட்டின் பின்னால் பேசாமல் தொங்கிக்கொண்டு நிற்கும். அதற்குள்ளே உப்புத்தண்ணி நிற்பது வெளியே தெரியாது. பரலில் நல்ல தண்ணி நிரப்பி மெசினை அதற்குள் இறக்கி பத்து நிமிஷம் ஓடவிட்டால் உப்புக் கழுவுப்படும். பத்து நிமிஷம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்க ஆள் இல்லை.

மெசின் ஓடும்போது பின்பக்கம் சின்னத் துளையால் தண்ணி பீச்சும், கண்டிருப்பீர்கள். அது நல்ல வேகமாக, பென்சில் தடிப்பில் வரவேண்டும். மெலிந்து, விட்டு விட்டு வந்தால் உள்ளே இருக்கும் றப்பர்ச் சில்லு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கியர் எண்ணெய் மாற்றும்போது பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணி இறங்கிவிட்டது. இவ்வளவுதான் மெசின் அழுகிற அழுகை. காது கொடுத்தவனுக்குத்தான் கேட்கும்.

நான் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் நல்ல சீசனில், இதேபோல் கச்சான், தென்மேற்குக் காற்றுக் காலம், கடல் குளம் மாதிரி கிடந்தது. தினமும் மீன். தினமும் "நாளைக்குக் கழுவுவோம்". ஒரு நாள் கரையில் இருந்து நல்ல தூரத்தில் மெசின் சூடாகி நின்றுவிட்டது. சொந்தக்காரப் பையனின் போட் கட்டி இழுத்து வந்தது. பிஸ்டன் பிடித்துவிட்டது. சீசனில் பதினெட்டு நாள் கரையில் இருந்தேன். பத்து நிமிஷம் மிச்சம் பிடித்துப் பதினெட்டு நாளைக் கொடுத்தேன்.

இப்போது எங்கள் போட்டில் ஒரு வழக்கம். மெசின் கழுவி முடியாமல் மீன் காசு பங்கு பிரிப்பதில்லை. நான் போட்ட சட்டம். ஆனால் எனக்கு அலுப்பாக இருந்தாலும் பையன்கள் விடமாட்டார்கள், அவர்களுக்குக் காசு வேண்டுமே. பேசாத மெசினுக்கு இப்போது மூன்று பேர் வாய் கொடுக்கிறார்கள்.

வார்ட்_அக்கா | திங்கள், காலை 6.10

இரவு வேலை முடிந்து வந்து வாசித்தேன். உவர்மலைத் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அப்பாவுக்கு முன்பே பிரஷர் இருந்ததா? கிளினிக் போனவரா?

கேட்பது குற்றம் சொல்ல இல்லை. திருக்கடலூர்த் தம்பி மெசினைச் சொல்லும்போது எனக்குப் பிரஷர்தான் ஞாபகம் வந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது நோவதில்லை. தலைசுற்று, தலையிடி வந்தால் பார்ப்போம் என்று இருப்பார்கள், அது ஒன்றும் காட்டாமல் வருடக்கணக்கில் இரத்தக் குழாயைக் கெடுக்கும். குளிசை குடித்தாலும் உடம்பில் வித்தியாசம் தெரியாது, விட்டாலும் தெரியாது. அதனால்தான் விடுகிறார்கள்.

இன்னொன்று, எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அவசரத்தைப் பழிக்கிறீர்கள், ஆனால் பாரிசவாதம் உண்மையான அவசரம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, இரண்டு கையையும் உயர்த்தச் சொல்லும்போது ஒன்று கீழே இறங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு நிமிஷமும் நிற்காமல் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடக்கூடிய ஆளுக்கு அது நாலரை மணித்தியாலத்துக்குள் ஏறவேண்டும். "படுத்து எழும்பினால் சரியாகும்" என்று விடிய வரும் ஆட்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

உவர்மலை_வாசி | திங்கள், இரவு 9.55

அக்கா, இந்தக் கேள்வியை யாரும் கேட்கக்கூடாது என்றுதான் முதல் பதிவில் எழுதாமல் விட்டேன்.

பிரஷர் இருந்தது. மாதம் ஒரு தரம் கிளினிக். கூட்டிக்கொண்டு போவது நான்தான், தம்பலகாமத்தில் இருந்து தனியாக வரச்சொல்ல மனமில்லை. ஒக்டோபரில் கிளினிக் நாளன்று கணக்காய்வு. நவம்பரில் மழை, அதோடு ஒரு கூட்டம். டிசம்பரில் வருட முடிவு. "அப்பா, அடுத்த மாதம் போவோம்" என்றேன். அவர் "எனக்கு ஒன்றும் இல்லை, நீ வேலையைப் பார்" என்றார். குளிசை முடிந்தது அவருக்குத் தெரியும், எனக்குச் சொல்லவில்லை. என்னைக் கரைச்சல்படுத்தக்கூடாது என்று. கிளினிக் கொப்பியில் மூன்று மாதம் வெறுமையாக இருக்கிறது.

வயல் எல்லை பற்றித்தான் எழுதினேன். காரணம், அதை எழுதுவது சுகம்.

வார்ட்_அக்கா | செவ்வாய், காலை 6.30

தம்பி, ஒழுங்காகக் குளிசை குடித்தவர்களுக்கும் வருவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்தால்தான் வந்தது என்று ஒருவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதை நீங்கள் நம்பப்போவதில்லை என்றும் தெரியும். அதனால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

பேச்சுப் பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கத்தில். வலது கை கால் இழுத்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவது அதனால்தான். சொல் வராவிட்டாலும் அறிவு இருக்கிறது, ஞாபகம் இருக்கிறது. அவரிடம் "மரம் எங்கே நின்றது?" என்று கேட்காதீர்கள், அதற்குச் சொல் வேண்டும். "இங்கேயா?" என்று கேளுங்கள், தலை ஆட்டினால் போதும். ஒரு தரத்துக்கு ஒரு கேள்வி, பதிலுக்குப் பொறுத்திருங்கள். நாங்கள் எல்லாரும் விடும் பிழை, மூன்று செக்கனில் நாமே பதிலைச் சொல்லிவிடுவது. களைத்துப்போனால் நிறுத்துங்கள். பேச்சுச் சிகிச்சைக்கு விடாமல் கொண்டுபோங்கள்.

அவருக்குத் தேவாரம் பாடமா? சிலருக்குச் சொந்தமாக ஒரு சொல் வராது, ஆனால் சின்ன வயதில் பாடமாக்கிய பாட்டு வரும். பாட்டை நீங்கள் தொடங்கிவிட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன்.

கந்தளாய்க்_கட்டு | செவ்வாய், இரவு 7.40

இழைக்குச் சம்பந்தமா தெரியவில்லை. எங்கள் அம்மா 1986 ஏப்ரல் 20 விடியமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததைக் கண்டவர். நூற்றுக்கு மேற்பட்ட சனம் போனது. இன்றைக்கும் இரவில் பெருமழை இரைந்தால் எழும்பி உட்கார்ந்துவிடுவார். ஏன் உடைந்தது என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், அதற்குள் நான் போகவில்லை. குளக்கட்டு வேலை தெரிந்த ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது இதுதான்: கட்டில் நடப்பவன் தண்ணி நிற்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பான், அழகாக இருக்கும். பார்க்கவேண்டியது மற்றப் பக்கம், அடிவாரத்தில் எங்கேயாவது ஈரம் கசிகிறதா, புற்று இருக்கிறதா, மரம் முளைத்திருக்கிறதா என்று. கசிவு தெளிந்த தண்ணியாக இருந்தால் ஒரு கதை, மண் கலந்து வந்தால் வேறு கதை.

ஸ்காபரோ_திருமலை | புதன், காலை 8.15

இங்கே கனடாவில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குக் காலை, எனக்கு முதல்நாள் இரவு 10.45. அம்மாவுக்கு எடுக்க நல்ல நேரம் இதுதான், அந்த நேரம் நான் களைத்துப்போய் இருப்பேன். "நாளைக்கு எடுக்கிறேன் அம்மா" என்று ஒரு குரல்பதிவு. காசு மட்டும் முதலாம் திகதி தவறாமல் போகும். தானாகவே போகும்படி வங்கியில் செய்து வைத்திருக்கிறேன். அழைப்பை அப்படிச் செய்து வைக்க வழியில்லை.

இதை எழுதிவிட்டு எடுக்கிறேன்.

வெற்றிப்_படிகள் | புதன், மாலை 6.00

எல்லாரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். போனில் அறிவிப்புகளை நிறுத்திவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம்.

கந்தோர்_கிளி | புதன், மாலை 6.22

நிறுத்திப் பார்த்தேன் தம்பி. பதினொரு மணிக்குச் சேர் பியோனை அனுப்பினார். பியோனை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது?

கிண்ணியா_ஓட்டோ | வெள்ளி, பின்னேரம் 2.30

ஜும்ஆ முடிந்து வந்து எழுதுகிறேன். பள்ளியில் இருக்கும்போதே தோன்றியது. வெள்ளிக்கிழமை 12 மணியில் இருந்து ஒன்றரை வரை எனக்கு ஹயரே வருவதில்லை. என்னோடு ஓடும் தமிழ்ப் பொடியன்மாரும் சிங்கள மாத்தயாக்களும்கூட எடுக்கமாட்டார்கள். நான் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், அந்த நேரம் இவன் கிடைக்கமாட்டான் என்று. நானும் எனக்குள் சண்டை பிடிக்கவேண்டியதில்லை. அரிசி பிரச்சினை என்று நான்தான் இங்கே எழுதினேன், ஆனால் இந்த ஒன்றரை மணித்தியாலத்தால் என் வீட்டில் ஒரு நாளும் அரிசி குறையவில்லை.

ரீச்சர் சொன்னமாதிரி நெஞ்சுக்குள்ளே முக்கியம் என்று வைத்திருந்தால் சரிவராது போல. ஊருக்குத் தெரியவேண்டும். தேரன்று உங்கள் ஆட்களை யாராவது கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்களா?

உவர்மலை அண்ணை, ஒன்று செய்யுங்கள். சனிக்கிழமை அப்பா நாள் என்று எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். அப்பாவை வயலுக்குக் கொண்டுபோக வாகனம் வேண்டுமே, நான் வருகிறேன். எண்ணைக்குத் தந்தால் போதும். தனிமடலில் நம்பர் அனுப்பியிருக்கிறேன்.

பாலையூற்று_ரீச்சர் | வெள்ளி, இரவு 8.05

நானா, இந்த ஒரு பதிவுக்காக அந்தப் பயிற்சி வகுப்பின் மிச்சம் எல்லாவற்றையும் மறக்கத் தயார்.

உவர்மலைத் தம்பி, போகும்போது உறுதியின் பிரதி ஒன்றும் கொண்டுபோங்கள். அப்பா காட்டும் இடத்தைப் படமாகவும் வீடியோவாகவும் எடுங்கள், குத்தகைக்காரரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். பிறகு நில அளவையாளரைக் கூட்டிவந்து பிளான் கீறி வைப்பது நல்லது. என் மாமா வீட்டில் இதே கதை, கிழக்கு எல்லை "பனைமரம்" என்று எழுதிய காணிக்கு நீதிமன்றத்தில் வருடக்கணக்காக நடந்தார்கள். வழக்கு முடியமுன் மாமா முடிந்துவிட்டார்.

உவர்மலை_வாசி | இரண்டு கிழமைக்குப் பிறகு, சனி, இரவு 9.15

போனோம்.

போன சனி போகவில்லை, சொல்லிவிடுகிறேன். வெள்ளி பின்னேரம் ஒரு "மிக அவசரம்" வந்தது, இருந்து செய்தேன். செய்து முடிய இரவு எட்டு. திங்கள் காலை சேரிடம் போய், சனிக்கிழமைகளில் இனி எனக்கு அப்பாவோடு வேலை என்று சொன்னேன். சண்டை வரும் என்று நினைத்து ஒரு பேச்சே தயார்செய்து வைத்திருந்தேன். அவர் "சரி, போயிட்டு வாரும்" என்றார். நாலு வருடமாக நான் கேட்டிருக்கவே இல்லை.

இன்று காலை ஏழு மணிக்கு நானா தம்பலகாமத்து வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். பின் சீற்றில் தலையணை கட்டிக்கொண்டு வந்திருந்தார், அப்பாவின் வலப்பக்கத்துக்கு. வயல்கரையில் நல்ல கச்சான் காற்று. சிறுபோகப் பயிர் முழங்காலுக்கு நிற்கிறது. அப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு வரம்பில் நின்றார். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் வயலைப் பார்க்கிறார். வெகுநேரம் ஒன்றும் செய்யவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வாயில் கேள்வி வந்தது. வார்ட் அக்கா சொன்னதை நினைத்துப் பேசாமல் நின்றேன். மூன்று செக்கன் இல்லை, பத்து நிமிஷம்.

அதற்குள் என் போன் அடித்தது. கையில் உறுதி, மற்றக் கையில் அப்பா. நானா என் பையில் இருந்து எடுத்து, "அவர் வயலில நிக்கிறார், பிறகு எடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வரும்போது அந்த நம்பரைப் பார்த்தேன், கந்தோர்தான். பிறகு எடுக்கவே இல்லை.

"இங்கேயா அப்பா?" என்று கேட்டுக்கேட்டு வரம்பால் போனோம். இல்லை, இல்லை என்று தலையாட்டினார். ஒரு இடத்தில் தானாகவே நின்று, இடது கையால் பொல்லின் நுனியைச் சேற்றில் குத்தினார். "மருதமரமா?" என்றேன். இல்லை என்றார். "வரம்பு மாறியிருக்கிறதா?" அதுவும் இல்லை. திரும்பத் திரும்ப அதே இடத்தில் குத்தினார், கோபம் வந்துவிட்டது அவருக்கு. கண்ணும் கலங்கிவிட்டது. குத்தகைக்காரர்தான், அந்த மூலையில் முன்பு நெல்லுச் சூடு அடித்த களம் இருந்ததாகத் தன் தகப்பன் சொல்லியிருக்கிறார் என்றார். அப்பா அவரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். ஆம் என்றுதான் நினைக்கிறேன். மரம் களத்துக்கு எந்தப் பக்கம் என்று அதற்குமேல் கேட்கமுடியவில்லை, களைத்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு தடி நட்டு, நாலு பக்கமும் படம் எடுத்தோம்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் சம்பந்தருடைய கோணமலைப் பதிகத்தை நான் தொடங்கினேன். எனக்கு இரண்டாவது அடியோடு நின்றுவிடும். நின்ற இடத்தில் இருந்து அவர் எடுத்தார். சொல் எல்லாம் உடைந்துதான் வந்தது, ஆனால் ராகம் பிசகவில்லை. நானா வண்டியை மெதுவாக்கினார்.

வருகிற சனி திரும்பப் போகிறோம். மண்வெட்டி கொண்டுபோகவேண்டும். அப்பாவுக்கு ஒரு கதிரையும்.